தூங்குகிற குழந்தை: 32 வாரத்தில் பிறந்த பெண் குழந்தையின் பாலூட்டல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே தென்கடலைப் பார்த்திருக்கும் ஒரு மீனவர் குடியிருப்பில் நடந்தது இது. அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் நான். கர்ப்பப் பதிவிலிருந்தே இந்தக் குடும்பத்தைத் தெரியும்.

தாய்க்கு 22 வயது, முதல் பிரசவம். ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை வாந்தி வருகிறது என்று பாதி நாள் விட்டுவிடுவார். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தார். அது அதே ஊரில் மூன்று தெரு தள்ளி. அங்கே அவருடைய அம்மா மட்டும்தான். குழந்தைக்கு அம்மாச்சி. அதிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி விற்றுவிட்டு மதியம் திரும்புகிறவர். இந்த அம்மாச்சி நிகழ்வின் மையத்தில் இருக்கிறார். அதை நான் புரிந்துகொள்ள ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவு பனிக்குடம் உடைந்தது. அன்று சரியாக 32 வாரம். 108-ல் மருத்துவமனை போய்ச் சேர்ந்து, நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசி இரண்டு டோஸ் போட்ட நிலையில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 1,540 கிராம்.

வார்டில் 25 நாள்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் இரண்டு நாள் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் தாய் பீய்ச்சிக் கொடுத்த சீம்பால் 3 மில்லி. அதை வாய் வழிக் குழாயில் விட்டார்கள். ஒன்பதாம் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 18 மில்லி என்று அளவு ஏறியது. எடை ஐந்தாம் நாள் 1,390 வரை இறங்கி, 13-ம் நாள் பிறந்த எடைக்குத் திரும்பியது. குறைமாதக் குழந்தைக்கு இது எதிர்பார்த்ததுதான்.

12-ம் நாள் பாலாடையில் (சங்கு போன்ற, மூக்குள்ள சின்னக் கிண்ணம்) கொடுக்கத் தொடங்கினார்கள். 19-ம் நாள் மார்பில் போட்டார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒரே தாளத்தில் செய்யும் திறன் 34 வாரத்தை ஒட்டித்தான் குழந்தைக்குக் கைகூடத் தொடங்கும். கைகூடிய பிறகும் நாலு மடக்கு குடித்து அசந்துபோகும். இந்தக் குழந்தையும் அப்படித்தான்.

25-ம் நாள், மே மாதத் தொடக்கத்தில், 1,790 கிராமோடு டிஸ்சார்ஜ். சீட்டில் 'நேரடியாகத் தாய்ப்பால் குடிக்கிறது, குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்கவும்' என்று இருந்தது. பகலில் ஐந்தாறு முறை நேரடியாகவும் இரவில் பாலாடையிலும் குடித்துக்கொண்டிருந்த குழந்தை அது. இரவுப் பாலை வார்டு நர்ஸ்தான் கொடுத்திருக்கிறார். தாய் ஒரு இரவுகூட தனியாகப் பாலூட்டிப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தார். படுக்கை கிடைக்காத நெருக்கடியில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒற்றை வரி இந்த வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

'கேட்கும்போது கொடு' என்பது நிறைமாதக் குழந்தைக்குச் சரியான அறிவுரை. பசித்தால் அது ஊரைக் கூட்டும். 35 வாரக் குழந்தை கேட்காது. பசித்தால் அழும் தெம்பு இல்லாமல் தூங்கும். தூங்கத் தூங்க இன்னும் தெம்பு குறையும்.

முதல் பார்வை: 28-ம் நாள்

டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் போனேன். ஓட்டு வீடு, முன்பக்கம் கீற்றுச் சார்ப்பு. உத்தரத்தில் சேலைத் தொட்டில், அதற்கு நேராக டேபிள் ஃபேன். குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. எடை 1,780.

பத்து கிராம் குறைவு. அதைப் பார்த்து நான் சொல்லிக்கொண்டது: 'அவங்க மிஷின் வேற, நம்ம மிஷின் வேற.' ஒரு தராசுக்கும் இன்னொன்றுக்கும் பத்து இருபது கிராம் வித்தியாசம் வருவது உண்மைதான். ஆனால் மூன்று நாளில் அறுபது கிராமாவது கூடியிருக்க வேண்டிய குழந்தைக்கு அந்தச் சமாதானம் போதாது. இதை என் முதல் தவறாகப் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது தவறு: ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் சங்கு இருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை.

"எப்படிம்மா குடிக்கிறா?" என்றேன் தாயிடம். "குடிக்கிறா சிஸ்டர். அரை மணி நேரம் மார்லயே கெடக்கா" என்றார். மார்பில் கிடப்பதும் குடிப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் பார்க்கவில்லை. அன்று இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது.

கண்டது: 33-ம் நாள்

காலை ஏழு மணிக்குப் போனேன். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அந்த நேரத்துக்கே முதுகில் வேர்வை. குழந்தையின் பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அக்குளில் 36.1 டிகிரி. 36.5-க்குக் கீழே போகக் கூடாது. எடை 1,740.

எட்டு நாளில், நாளுக்கு 20 கிராம் என்று வைத்தாலும் 1,950 இருந்திருக்க வேண்டும். 210 கிராம் துண்டு விழுந்திருந்தது. நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை நாலு முறைதான் சிறுநீர். ராத்திரி ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறாளாம்.

அம்மாச்சி அன்று ஏலத்துக்குப் போகவில்லை. "நல்லாத்தாம்மா தூங்குது. வயிறு நெறஞ்சாத்தானே புள்ள தூங்கும்?" என்றார்.

மார்பில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மடக்கு வேகமாக உறிஞ்சினாள். தொண்டை அசைந்தது. பிறகு தாடை மட்டும் மெல்ல நடுங்கியது, விழுங்கும் சத்தம் இல்லை. மூன்றாம் நிமிடத்தில் கை விரல்கள் விரிந்து தளர்ந்தன. உள்ளங்காலைத் தடவினால் இரண்டு மடக்கு, மறுபடி தூக்கம். வீட்டார் எண்ணிய அரை மணி நேரத்தில் நிஜமாகக் குடித்தது ஐந்து நிமிடம் இருக்காது.

அப்போதுதான் சங்கை எடுத்துப் பார்த்தேன். அதன் மூக்கில் எறும்பு வரிசை. உள்ளே காய்ந்த பாகு போல ஒட்டியிருந்தது.

பனங்கற்கண்டுத் தண்ணீர். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சங்கு, ஏலத்துக்குப் புறப்படும் மூன்று மணிக்கு ஒரு சங்கு. ரத்தம் குறைந்த மகள் பச்சை உடம்போடு கிடக்கிறாள், நாலு மணி நேரமாவது கண் மூடட்டும் என்று அம்மாச்சி தானாகச் செய்தது. மகளுக்கே தெரியாது. இனிப்பு உள்ளே போனதும் குழந்தை அமைதியானது; வயிறு நிறைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, அதாவது நாவில் இனிப்பு தொட்டு வைப்பது, பழக்கம். நானே அப்படி வளர்ந்தவள்தான். அவரை அந்த இடத்தில் கடிந்திருந்தால் சங்கு ஜன்னல் திட்டிலிருந்து அரிசிப் பானைக்குப் போயிருக்கும், பழக்கம் போயிருக்காது. "இனிமே சங்குல பால் மட்டும் ஊத்தலாம், எப்படின்னு நான் சொல்லித்தாறேன்" என்று மட்டும் சொன்னேன்.

எடுத்த முடிவு

வீட்டிலேயே சரிசெய்து பார்ப்பதா, அனுப்புவதா என்று யோசிக்கும் கட்டம் அது இல்லை. சில்லிட்ட உடம்பு, சோர்ந்த உறிஞ்சல், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் கிருமித் தொற்று இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது. ஃபேனை நிறுத்தினோம். தாயின் நெஞ்சோடு குழந்தையைத் தோலோடு தோலாக வைத்துச் சேலையால் கட்டினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்தார்கள், 58. பரவாயில்லை. அப்படியே ஆம்புலன்ஸில் பழைய வார்டுக்கு அனுப்பினோம்.

அங்கே ரத்தப் பரிசோதனையில் தொற்றுக்கான அடையாளம் இல்லை. அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பெரிய பாடம். பால் கொடுக்கும் முன் ஒரு எடை, கொடுத்த பின் ஒரு எடை, துணி மாற்றாமல். இருபது நிமிடம் மார்பில் இருந்ததற்கு முதல் முறை 10 கிராம் கூடியது, மறுமுறை 15. அதாவது ஒரு முறைக்கு ஏறக்குறைய 12 மில்லி. தேவையோ, கிலோவுக்கு நாளைக்கு 160 மில்லி என்ற கணக்கில் 1,740 கிராமுக்கு 278 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 23 மில்லி. பாதிதான் போய்க்கொண்டிருந்தது. அதுவும் நாளுக்குப் பன்னிரண்டு முறை கொடுத்திருந்தால். வீட்டில் ஏழோ எட்டோதான்.

தாய்க்குப் பாலும் குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் பீய்ச்சி 15 மில்லி. வார்டில் இருந்தவரை நாளுக்கு எட்டு முறை பீய்ச்சியவர், 'அதான் நேரா குடிக்கிறாளே' என்று வீட்டுக்கு வந்த அன்றே நிறுத்திவிட்டார். பலவீனமாக உறிஞ்சும் குழந்தை மார்பைக் காலி செய்யாது. காலியாகாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஊரில் இதற்குச் சொன்ன காரணங்கள் வேறு. பால் சுறா ஆக்கிக் கொடுக்கவில்லை, காரல் மீன் கிடைக்கவில்லை, கண்ணேறு. இன்னொரு பக்கம், வயிறு பெருத்துவிடும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். குடம் கணக்கில் விலைக்கு நல்ல தண்ணீர் வாங்கும் ஊர் இது. அந்த வெயிலில் தாகத்தோடு கிடந்தது அவருக்குக் கொடுமை. ஆனால் பால் குறைந்ததற்கு முதற்காரணம் பால் எடுக்கப்படாததே என்பதை வீட்டாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மீனும் சாப்பிடட்டும், தண்ணீரும் தாராளமாகக் குடிக்கட்டும், பீய்ச்சவும் வேண்டும்.

முதல் இரண்டு நாள் துண்டு விழுந்த அளவைக் குறைமாதக் குழந்தைக்கான பவுடரால் டாக்டர் நிரப்பினார். மூன்றாம் நாள் தேவைப்படவில்லை. "அப்ப டப்பாப் பாலே வாங்கிருவமா?" என்று குழந்தையின் அப்பா கேட்டார். கேள்வியில் தப்பில்லை. அந்த வீட்டில் விலைத் தண்ணீரைக் காய்ச்சி, கரண்டி பிசகாமல் நாளுக்குப் பத்து முறை கரைக்க முடியுமா என்று யோசித்தேன். கரைசல் நீர்த்துப்போனால் கற்கண்டுத் தண்ணீர் கதைதான் மறுபடி. தாயிடம் சுரப்பு திரும்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பாதை வேண்டாம் என்று டாக்டரும் நானும் ஒத்துப்போனோம்.

முடிவு இது: முழு நேர நேரடிப் பாலூட்டலிலிருந்து ஒரு படி இறங்குவது. ஒவ்வொரு முறையும் மார்பில் பத்து நிமிடம் மட்டும். அதற்கு மேல் போனால் குடிப்பதைவிடச் செலவாகும் தெம்பு அதிகம். பிறகு பீய்ச்சிய பால் சங்கில். உடனே தாய் அடுத்த முறைக்குப் பீய்ச்ச வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவில் எக்காரணம் கொண்டும் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அழுதாலும் அழாவிட்டாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

தாய் இதைக் கேட்டு அழுதுவிட்டார். "மறுபடி சங்குக்கா?" என்றார். தேறி வந்த குழந்தையைத் திரும்பப் பின்னால் இழுப்பதுபோல அவருக்குத் தோன்றியது.

வீட்டில் மறுபடி

37-ம் நாள் 1,820 கிராமோடு திரும்பினார்கள். அன்று சாயங்காலமே தராசோடு போய் எடை போட்டேன். என் கருவியில் 1,805. இனி இதுதான் தொடக்கம் என்று அட்டையில் எழுதினேன். வார்டில் இருந்த நான்கு நாளில் கண் பரிசோதனையும் நடந்தது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரை பார்க்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து அந்த நாளைத் தவறவிட்டிருந்தார்கள். நல்லவேளை, பாதகம் இல்லை.

10 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அந்தச் சங்கை அளந்தேன். தளும்பாமல் 12 மில்லி. டாக்டர் சொன்ன 20 மில்லி எங்கள் பேச்சில் 'ஒன்றே முக்கால் சங்கு' ஆனது. மில்லிக் கணக்கு அந்த வீட்டில் ஒரு நாளும் நின்றிருக்காது.

கொடுக்கும் முறையை அம்மாச்சிக்குத்தான் முதலில் காட்டினேன். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையும் முதுகும் உயர்ந்திருக்க வேண்டும். சங்கின் மூக்கு கீழுதட்டின் ஓரத்தில் சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பால் உதட்டை நனைக்கும். நாக்கு நீண்டு நக்கி எடுக்கும். விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஊற்றக் கூடாது. மீன் அரிந்து நுனி மரத்துப்போன அந்த விரல்கள் முதலில் சங்கை அதிகம் சாய்த்தன. மூன்றாம் முறை சுண்டுவிரலைக் குழந்தையின் தாடையில் ஊன்றி நிறுத்தப் பழகிக்கொண்டார். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

இரவு நேரத்துக்கு செல்போனில் அலாரம் வைத்தோம். இரண்டு நாளில் அணைத்துவிட்டார்கள். அதற்குப் பதில் நிலைத்தது அம்மாச்சியின் ஏல நேரம். மூன்று மணிக்கு அவர் எப்படியும் எழுவார். மகளை எழுப்பிப் பீய்ச்ச வைத்து, சங்கில் கொடுத்துவிட்டுக் கூடையை எடுப்பார். பின்னிரவில் ஒருமுறையாவது பீய்ச்சுவது சுரப்பைக் காக்கும். கற்கண்டுத் தண்ணீர் இருந்த அதே நேரம் பால் நேரமானது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடு. அந்த வெக்கையில் பீய்ச்சிய பாலை மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றேன். மூடிய டம்ளரில், மண்பானைக்குப் பக்கத்தில் ஈரமணலில் வைத்தார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் இதில் கைகொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள் வருமானம் இல்லை, ஆனால் அப்பா கரையில் இருந்தார். சாயங்காலம் வெக்கை தணிந்ததும் திண்ணையில் சட்டை இல்லாமல் சாய்ந்து, குழந்தையை நெஞ்சோடு வைத்துத் துண்டால் சுற்றிக்கொள்வார். முதல் நாள் தெரு சிரித்தது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் தாய் தூங்கினார்.

48-ம் நாள் ஒரு பயம். பக்கத்து வீட்டுக்காரர் உதவியாகச் சங்கை வாங்கி வேகமாக ஊற்றிவிட்டார். மூக்கில் பால் வந்து, உதட்டைச் சுற்றி நீலம் பாரித்தது. தாய் குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்து மூக்கையும் வாயையும் துடைத்து, முதுகைத் தேய்த்தார். சில நொடியில் அழுதாள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம், நெஞ்சு தெளிவு. அதன் பிறகு சங்கைத் தாயும் அம்மாச்சியும் தவிர யாரும் தொடவில்லை. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

விளைவு

45-ம் நாள் 1,990. 52-ம் நாள் 2,150. பிரசவத் தேதி என்று முதலில் குறித்திருந்த ஜூன் தொடக்கத்தில், அதாவது 40 வாரத்தில், அவள் உறிஞ்சுவதே மாறியது. தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு மடக்கு, விழுங்கும் சத்தம் திண்ணைவரை கேட்டது. சங்கின் அளவை ஒரேயடியாக நிறுத்தாமல் மூன்று நாளைக்கு ஒருமுறை குறைத்தோம். 66-ம் நாள், 2,560 கிராமில், பகல் சங்கு நின்றது. மூன்று மணிச் சங்கை மட்டும் அம்மாச்சி விடவில்லை.

தடைக்காலம் முடிந்து அப்பா படகேறிய வாரத்தில் எடை 70 கிராம்தான் கூடியது. தாய்க்கு ஓய்வு போனது, இரவில் இரண்டு முறை தவறியது. அப்பாவின் அம்மா சாயங்காலம் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு மறுவாரம் 190. வைட்டமின் டி சொட்டும் இரும்புச்சத்துச் சொட்டும் தொடர்ந்தன. தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில், வளர்ச்சி பார்ப்பது, முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயதுக் கணக்கில். டிசம்பரில், திருத்திய வயதில் ஆறு மாதம், 6 கிலோ 400. கூழ் ஊட்டினால் துப்புகிறாள் என்பதுதான் அன்றைய புகார்.

மாற்றிக்கொண்டவை

டிஸ்சார்ஜ் நாள் சாயங்காலமே என் தராசில் முதல் எடை. கருவி வித்தியாசம் என்ற சாக்குக்கு இனி இடமில்லை. 36 வாரத்துக்குள் வீட்டுக்கு வரும் குழந்தையின் அட்டையில் 'கேட்கும்போது' என்ற சொல்லை அடித்துவிட்டு மணிக்கணக்கு எழுதுகிறேன். ஒரு முறையாவது மார்பில் போடுவதிலிருந்து ஏப்பம் எடுப்பதுவரை உட்கார்ந்து பார்க்காமல் எழுவதில்லை. மீதி வீடுகள் மறுநாளைக்கு. தாயிடம் 'எப்படிக் குடிக்கிறாள்' என்று கேட்பதற்கு முன், 'ராத்திரி யார் பார்க்கிறது?' என்று கேட்கிறேன். அந்த ஆளிடம்தான் முதலில் பேச்சு.

வார்டிலிருந்து அனுப்பும் முன் தாய் ஓர் இரவு முழுதும் தானே பாலூட்டிப் பார்க்கட்டும் என்று மாதாந்தரக் கூட்டத்தில் கேட்டேன். படுக்கை இருந்தால் செய்கிறார்கள்.

ஆகஸ்டில் பக்கத்துக் குடியிருப்பில் இன்னொரு குறைமாதக் குழந்தை வந்தது, 33 வாரம். வந்த அன்றே தராசோடு போய், பாட்டியைத் தேடிப் பிடித்து, வீட்டில் இருக்கும் சங்கைக் காட்டச் சொன்னேன். சங்கு இல்லை. நிப்பிள் பாட்டில் இருந்தது.